குரங்குக்குக்கூட வராது

ஜூலை 9

இன்று சொர்ணத்தம்மாள் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். என் எதிரில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மகனுக்கு ஆவணியில் கல்யாணமாம். நிச்சயம் முடிந்துவிட்டதாம். கல்யாணப் படம், வீடியோ, ஆல்பம், மண்டப வாசலில் வைக்கப் பத்தடிக்கு எட்டடியில் ஒரு ஃபிளக்ஸ் பேனர், எல்லாம் எங்களிடம்தான். முதலாளி ஆவுடை அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக, "உலகு, அம்மாவுக்கு ஒரு டீ சொல்லு" என்றார். சொன்னேன். டீயில் துப்பியிருக்கலாம். அந்த யோசனை அவர் குடித்து முடித்த பிறகுதான் வந்தது.

தை மாதம் பதினோராம் தேதி இதே சொர்ணத்தம்மாள் தன் மகனைக் கூட்டிக்கொண்டு மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார். அம்மா பஜ்ஜியும் கேசரியும் செய்திருந்தாள். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். கத்தரிக்காயில் பூச்சி பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"என்னம்மா இது, மூஞ்சி பூரா? நம்ம குத்தாலத்துல இம்புட்டு குரங்கு கெடக்கே, ஒண்ணு மூஞ்சிலயாவது பரு பாத்திருக்கியளா? குரங்குக்குக்கூட வராதே இது!"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அத்தைகூடச் சிரித்தாள். சொர்ணத்தம்மாள் நாலு பஜ்ஜி சாப்பிட்டார். மூன்றாம் நாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

மகன் பெயர் சங்கரசுப்பு. நீலக் கட்டம் போட்ட சட்டை, கருகருவென்று தாடி. அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு முக்கியமில்லை. நடந்ததை முழுதாக எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அன்றிலிருந்து ஸ்டூடியோவில் மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

என் வேலை என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன், சிரிப்பாக இருக்கும். ஆறு வருடமாகக் கம்ப்யூட்டரில் கல்யாணப் பெண்களின் முகத்திலிருந்து பருவை எடுக்கிறேன்.

மணப்பெண்ணின் படத்தைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் சொர்ணத்தம்மாள். நான் இன்னும் திறக்கவில்லை. நேரமில்லை.

ஜூலை 10

பழி வாங்காமல் விடப்போவதில்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை. முதலில் அவர் சொன்னது பொய் என்று தெரிந்துகொள்ள வேண்டும். குரங்குக்கும் பரு வரும். வந்தே தீர வேண்டும்.

ஜூலை 13

சாரல். அருவியில் நல்ல கூட்டம். எங்கள் கடைக்கு எதிரே பன் விற்கிறவர்களுக்கும் குரங்குகளுக்கும் காலையிலிருந்து சண்டை.

தினமும் பத்து மணிக்கு ஒரு கிழட்டுக் குரங்கு எங்கள் சன்ஷேடில் வந்து உட்கார்ந்து, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்கும். அண்ணாச்சி அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு எடுத்துப் போகும் பெரிய லென்ஸை மாட்டி மேனேஜரைப் படம் பிடித்தேன். அதன் குடும்பத்தையும் பிடித்தேன். பெண் குரங்குகள், குட்டிகள், வயதுக்கு வந்தவை, வராதவை என்று மொத்தம் நாற்பத்தொரு படம்.

"என்னட்டி, குரங்குக்கு ஆல்பம் போடப்போறியா?" என்றார் அண்ணாச்சி.

"லென்ஸ் சரியா இருக்கான்னு பாத்தேன் அண்ணாச்சி."

மத்தியானம் சோற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்தையும் முந்நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு, கன்னம், நெற்றி, தாடை. மணப்பெண்களைப் பார்க்கிற அதே வரிசை. மேனேஜர் கன்னத்தில் ஒரு பழைய கடித் தழும்பு. ஒரு குட்டியின் காதில் உண்ணி. ஒரு பெண் குரங்கின் முகம் குங்குமம் பூசியதுபோல் சிவப்பு.

பரு ஒன்றுகூட இல்லை. ஆறு வருடத்தில் இவ்வளவு சுத்தமான முகங்களை நான் பார்த்ததில்லை.

ஜூலை 16

ஸ்டூடியோப் பூனைக்குப் பெயர் பிலிம். அதன் தாடையில் மிளகைத் தூவியதுபோல் கறுப்புக் கறுப்பாக இருந்தது. மனசு துள்ளியது. பையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் மெர்சி பூனையின் தாடையை விரலால் தடவிப் பார்த்தார். "இது பருதான்மா. பூனைக்கு வரும், தாடையில மட்டும். சாப்பாடு எதுல வைக்கிய?"

"பிளாஸ்டிக் டப்பால டாக்டர்."

"அதத் தூரப் போடு. எவர்சில்வர் கிண்ணத்துல வையி, தினமும் கழுவு. சரியாயிரும். சில நாய்க்கும் வரும். குட்டியா இருக்கும்போது வாயச் சுத்தி வந்து, வளர்ந்தா போயிரும்."

"குரங்குக்கு?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மாஸ்க்கைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "நம்மளுக்கு வர்ற மாதிரியா? நான் பாத்ததில்ல. புண்ணு வரும், சொறி வரும், பூச்சி கடிச்சு வீங்கும். ஆனா இப்படி முகம் பூரா கொத்துக் கொத்தா வாரது மனுசனுக்குத்தான். நம்ம முகத்துல ரோமம் கொறஞ்சு போச்சு, எண்ணெய் சுரக்கிறது மட்டும் கொறையல. அதான் அடைச்சுக்கிடுது. ஏம்மா கேக்குத?"

"சும்மா."

ஆக, சொர்ணத்தம்மாள் சொன்னது உண்மை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

வருகிற வழியில் பிலிமுக்கு எவர்சில்வர் கிண்ணம் வாங்கினேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. ஹார்டு டிஸ்க்குகளை ஒழுங்குபடுத்தும் வேலை. வேறு வழியில்லாமல் அந்தப் பென் டிரைவைத் திறந்தேன்.

மணப்பெண் பச்சைப் பட்டுச் சேலை கட்டி நிற்கிறாள். பின்னால் எங்கள் ஸ்டூடியோவின் ஊதாத் திரை. பெயர் சுடர்க்கொடி, ஊர் கடையநல்லூர். மார்ச் மாதம் ஜாதகத்தோடு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று அவளுடைய அப்பா கூட்டிக்கொண்டு வந்த பெண். படத்தை எடுத்தவர் அண்ணாச்சி. முகத்தைச் சுத்தம் செய்தவள் நான்.

பழைய டிஸ்க்கில் தேடினேன். கை வைக்காத மூலப் படம் கிடைத்தது. இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் பரு. என்னுடையதைவிட அதிகம். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தாறு.

என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன சொர்ணத்தம்மாள், நான் துடைத்துக் கொடுத்த முகத்தைத்தான் மகனுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிலிம் பயந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது.

ஜூலை 18

வழி கிடைத்துவிட்டது.

ஃபிளக்ஸில் மணப்பெண்ணின் மூலப் படத்தைப் போடப்போகிறேன். போனில் அனுப்பும்போது விரல் நகம் அளவு முகம், ஒன்றும் தெரியாது. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் 'ஓகே' சொல்வார்கள். இத்தனை வருடத்தில் எந்த வீட்டுக்காரரும் ஃபிளக்ஸைப் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. மண்டப வாசலில் கட்டினால் ஒவ்வொரு பருவும் எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். உறவும் ஊரும் பார்க்க, சொர்ணத்தம்மாள் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் என்ன ஆவாள் என்று யோசித்தேன். ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அந்த நாலு பஜ்ஜி ஞாபகம் வந்தது.

நான் நல்லவள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலை 29

அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் காப்பியில் சர்க்கரை போடவில்லை. மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "எனக்கும் சுகர் இருக்குன்னு எப்படித் தெரியும் ஒனக்கு? மவராசியா இருப்ப" என்றாள். சின்னப் பழிகூட எனக்கு ஒழுங்காக வாய்க்காது போலிருக்கிறது.

அம்மா கஸ்தூரி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். இனிமேல் என் முகத்தில் யாரும் எதையும் பூசக்கூடாது என்று கத்திவிட்டேன். அதைத் தன் முகத்தில் தானே பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம்.

ஆகஸ்ட் 5

ஃபிளக்ஸுக்காகச் சொர்ணத்தம்மாள் வந்து தனியாகப் படம் எடுத்துக்கொண்டார். அரக்குப் பட்டு, காசு மாலை. பக்கத்தில் நின்று தலையைச் சாய்க்கச் சொன்னது நான்.

மேலுதட்டுக்கு மேல் வலது பக்கம் அவருக்கு ஒரு மச்சம், மிளகு அளவு. "எங்க குடும்பத்துல மொத்தம் நாலு சொர்ணம். மச்சக்காரச் சொர்ணம்னாத்தான் என்னையத் தெரியும்" என்று அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு திரையில் தன் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். கன்னத்தில் மங்கு. கழுத்தில் மரு. தாடையில் இரண்டு முடி.

"ஏட்டி, இதெல்லாத்தையும் எடுத்துரு. மருமவ படத்துல மூஞ்சி எப்படிப் பளிங்கு மாதிரி இருக்கு, அதே மாதிரி இருக்கணும். ஒரு புள்ளி இருக்கக் கூடாது."

"சரிம்மா" என்றேன். தாளிலும் எழுதிக்கொண்டேன்: ஒரு புள்ளி இருக்கக் கூடாது.

அவர் போன பிறகு, ஃபிளக்ஸுக்காகக் கொடுத்துவிட்டுப் போன சங்கரசுப்பு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலைக்காகத்தான். தாடிக்கு அடியில், காதுக்குக் கீழே, இரண்டு கன்னத்திலும் குழி குழியாக இருக்கிறது. பரு வந்து போன குழிகள். எனக்குத் தெரியாதா.

அவருக்கும் வந்திருக்கிறது. அதற்காகவே தாடி வளர்த்திருக்கிறார். அன்றைக்கு அந்தத் தாடியோடு உட்கார்ந்துகொண்டுதான் தரையைப் பார்த்தார். "எனக்கும் வந்துச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவர் படத்தை எந்த ஃபோல்டரில் போடுவது என்று தெரியாமல் 'மற்றவை' என்பதில் போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 11

மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்த நேரம். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். உள்ளே வந்து துப்பட்டாவை எடுத்தாள். சுடர்க்கொடி. மார்ச்சில் இருந்ததைவிடப் பரு அதிகமாகியிருக்கிறது.

"என் போட்டோவைச் சரி பண்ணினது நீங்களா அக்கா?"

"ஆமா."

"மூக்குல எனக்கு ஒரு தழும்பு உண்டு. சின்னப் பிள்ளையில அருவாமனைல விழுந்தது. பருவோட சேத்து அதையும் எடுத்துட்டிய. போட்டோவப் பாத்துட்டு எங்க அம்மாவே, 'இது யாருட்டி'ன்னு கேட்டாவ."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நானும் தயாரானேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஃபிளக்ஸ்ல அந்தப் படத்தப் போடாதிய அக்கா. நான் எப்படி இருக்கேனோ அப்படியே போடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பார்லர்ல பூசி விட்டாவ. ட்யூப் லைட்டு வெளிச்சம், யாருக்கும் தெரியல. நிச்சயத்துக்கும் அதே கதைதான். மாப்பிள்ளை வீடியோ கால் பண்ணினா ஃபில்டர் போட்டுத்தான் பேசுதேன். கல்யாணம் ஆயிட்டா? காலையில எந்திரிச்சு எந்த ஃபில்டர அக்கா போட?"

"போன்லயே அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு வாட்டி வாயத் தெறந்தேன். வரல. ஃபிளக்ஸ் மொத நாள் சாயங்காலமே கட்டிருவாவல்லா? எல்லாரும் பாக்கட்டும். வேண்டாம்னு சொல்லுதவங்க தாலிக்கு முன்னால சொல்லிரட்டும்."

"கல்யாணம் நின்னு போனா?"

"போட்டும்." அப்படிச் சொன்னாளே தவிர, அவள் கை மேஜை விரிப்பின் நூலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது. "அப்பாதான் தாங்க மாட்டாவ. ஆனா எனக்கு மாமியாரா வரப்போற அந்த அத்தை குணத்துக்கு, தாலி கட்டின மறுநாள் தெரிஞ்சா அப்பா அதவிடத் தாங்க மாட்டாவ."

எழுந்து போகும்போது திரும்பி நின்றாள். "நீங்க ஏன் அக்கா எப்பமும் மாஸ்க்கு?"

"தூசி" என்றேன்.

என் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 12

ஒரு மாதம் திட்டம் போட்டேன். வந்து அதையே உதவியாகக் கேட்டுவிட்டுப் போகிறாள். ஒரு மனுஷி பழி வாங்கக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 13

"எங்க அம்மாவே, இது யாருட்டின்னு கேட்டாவ." காலையிலிருந்து இதே வாக்கியம் காதில் நிற்கிறது. தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இருக்கக் கூடாது.

மச்சமும் புள்ளிதானே?

ஆகஸ்ட் 18

ஃபிளக்ஸ் முடிந்தது. நடுவில் மணமக்கள். இந்தப் பக்கம் பெண்ணின் அம்மா அப்பா, அந்தப் பக்கம் சொர்ணத்தம்மாள்.

சுடரை நான் தொடவில்லை. பரு, தழும்பு எல்லாம் அப்படியே. சங்கரசுப்பையும் தொடவில்லை.

சொர்ணத்தம்மாளுக்கு மட்டும் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மங்கு போயிற்று. மரு போயிற்று. தாடை முடி போயிற்று. மச்சம் போயிற்று. கண்ணைச் சுற்றி இருந்த சுருக்கம், சிரித்தால் விழுகிற கோடு, மூக்குத்திக்குப் பக்கத்தில் இருந்த அம்மைத் தழும்பு, எல்லாம் போயிற்று. அவர் சொன்ன வார்த்தைக்கு மேல் ஒரு இம்மிகூட நான் செய்யவில்லை. கடைசியில் திரையில் இருந்தது வழவழவென்று ஒரு முகம். துணிக்கடை பொம்மைக்குக் காசு மாலை போட்டதுபோல் இருந்தது.

போனில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. "ஏட்டி, இருவது வயசு கொறஞ்சிட்டு! ஒன் கை நல்லா இருக்கணும். அப்படியே அடிச்சிரு."

கை நல்லாத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 26

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணாச்சியோடு மண்டபத்துக்குப் போனேன். ஃபிளக்ஸைக் கட்டி முடித்திருந்தார்கள். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தூணோரம் நின்றேன். பயம்தான். சொர்ணத்தம்மாளை நினைத்து அல்ல. சுடரை நினைத்து.

முதலில் வந்த இரண்டு பெண்கள் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தார்கள். "பொண்ணுக்குப் பரு போல" என்றாள் ஒருத்தி. "வயசுப் பிள்ளைக்கு வாரதுதானே" என்றாள் மற்றவள். அப்புறம் கண்ணை வலது பக்கம் கொண்டுபோனவள் நின்றுவிட்டாள்.

"இது யாரு? மாப்பிள்ளைக்கு அக்காளா?"

"அவனுக்கு ஏது அக்கா, ஒத்தைக்கு ஒரு பிள்ளைலா."

"அப்ப சொர்ணத்தோட படத்த எங்க?"

ஆள் சேர்ந்துவிட்டது. ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா காலமான பிறகு இது இரண்டாம் தாரமோ என்று ஒரு கிழவர் கேட்டார். செத்தவருக்கு எப்படி ஐயா இரண்டாம் தாரம் என்று இன்னொருவர் அவரை விரட்டினார். ஒரு பெரியம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். "ஏளா, இது நம்ம மச்சக்காரச் சொர்ணம்லா! மச்சத்த யாருளா களவாண்டுட்டுப் போனது?"

அந்த நேரம் பார்த்துச் சொர்ணத்தம்மாள் தாம்பாளத்தோடு வந்தார். முதலில் அவர் கண் சுடரின் முகத்தில்தான் விழுந்தது. எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாக. வாய் திறந்தது. "என்ன இது, பொண்ணு மூஞ்சில..." அவ்வளவுதான் வந்தது. கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பிவிட்டது.

"பொண்ணு இருக்கட்டும், ஒனக்கு என்னளா ஆச்சு?"

"என்ன சோப்பு போடுத சொர்ணம்?"

"மருமவ மருமவ மாதிரி இருக்கா. மாமியாளத்தான் காணல!"

அவர் தன் முகத்தைப் பார்த்தார். கை தானாக மேலுதட்டுக்குப் போய் மச்சத்தைத் தொட்டுப் பார்த்தது. இருக்கிறதா என்று. அந்த ஒரு காட்சிக்காக நான் தையிலிருந்து காத்திருந்தேன். கேமரா தோளில் இருந்தும் படம் எடுக்க மறந்துபோனேன்.

சங்கரசுப்பு எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஃபிளக்ஸுக்கு நேர் கீழே நின்று சுடரின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தாடியைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய அம்மா, "ஏலே, பாத்தியாலே இத! அப்பமே எனக்குச் சந்தேகம்..." என்று அழுகைக் குரலில் தொடங்கினார்.

"அம்மா, உள்ள வாங்க. படம் நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டார். ஏழு மாதம் கழித்து ஒரு வாக்கியம். வேறொருத்திக்கு.

ஆகஸ்ட் 27

தாலி கட்டியாயிற்று. மேடையில் சுடர் அதிகம் பூசிக்கொள்ளவில்லை. படம் எடுக்கும்போது கண் எரிந்துகொண்டே இருந்தது. மண்டபத்தில் ஒரே தூசி.

ஆகஸ்ட் 30

பதினோரு மணிக்குச் சொர்ணத்தம்மாள் வந்தார். அண்ணாச்சி பின்னால் பிரின்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என் மானத்தையே வாங்கிட்டியே! ஊரே கைகொட்டிச் சிரிக்கி. அந்த ஃபிளக்ஸ எங்க கொழுந்தன் கொண்டுபோயி மாட்டுக் கொட்டகைல கட்டியிருக்கான். பால் வாங்க வாரவன்லாம் என்னையப் பாத்துட்டுப் போறான்!"

"நீங்க சொன்னதத்தானே செஞ்சேன். ஒரு புள்ளி இருக்கக் கூடாதுன்னு சொன்னிய. 'அப்படியே அடிச்சிரு'ன்னு குரல் அனுப்பினிய. போடட்டா, கேக்கியளா?"

"அதுக்காக மச்சத்தையா எடுப்பாவ?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். இடது பக்கம் மேனேஜர் குரங்கு. வலது பக்கம் ஃபிளக்ஸில் போட்ட அவர் முகம். இரண்டையும் முந்நூறு சதவீதத்தில் வைத்திருந்தேன். மூன்று நாளாக அப்படியே தயாராக வைத்திருந்தேன்.

"ரெண்டுலயும் ஒரு பரு இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். முதலில் பரு. அப்புறம்தான் நான்.

"நீ... மேலகரத்துப் பிள்ளையா?"

"ஆமா. நாலு பஜ்ஜி தின்னுட்டுச் சொன்னியளே. சரியாத்தான் சொன்னிய, நான் டாக்டர்கிட்டயே போயிக் கேட்டுட்டேன். குரங்குக்கு இது வராதாம். மனுசங்களுக்குத்தான் வருமாம். எனக்கு வந்திருக்கு. உங்க மருமவளுக்கு வந்திருக்கு. உங்க மவனுக்கும் வந்திருக்கு, தாடிய வெலக்கிப் பாருங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

பின்னால் அண்ணாச்சி பிரின்டரைக் கழற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. சொர்ணத்தம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவர் முந்தானையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு, "ஆல்பத்துலயாவது என் மச்சத்தத் திருப்பிப் போட்டுரு தாயி" என்றார்.

"போடுதேன். தையில சொன்னத என் மூஞ்சியப் பாத்து இன்னொரு வாட்டி சொல்லுங்க. போடுதேன்."

பார்த்தார். உதடு அசைந்தது. வரவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அம்மாவும் மகனும் ஒரே மாதிரிதான் பிடிக்கிறார்கள். குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அண்ணாச்சி வெளியே வந்தார். "மாஸ்க்கு எங்கட்டி?"

"தூசி போயிட்டு அண்ணாச்சி."

அவர் இரண்டு டீ சொன்னார்.

செப்டம்பர் 3

பிலிமின் தாடை சுத்தமாகிவிட்டது. எவர்சில்வர் கிண்ணத்தை அது பெருமையாக நக்குகிறது. எனக்கு மூக்கின் நுனியில் புதிதாக ஒன்று. பூசவில்லை, கிள்ளவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 15

சுடர் போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். புது வீட்டு அடுப்படியில் இருவரும் நிற்கிறார்கள். அவள் முகத்தில் பரு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, ஃபிளக்ஸ் பாத்ததுல இருந்து யோசிச்சுக்கிட்டே இருந்தாவ. நேத்து தாடிய எடுத்துட்டாவ. ஆல்பத்துல எங்க ரெண்டு பேரையும் அப்படியே விட்டுரச் சொன்னாவ. அத்தை தினமும் மச்சத்தப் பத்திக் கேக்காவ, எப்பம் போடுவிய?"

படத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு கன்னத்திலும் குழிகள். அவருடைய பெண்டாட்டிக்கு முந்தியே எனக்குத் தெரிந்த குழிகள். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தைரியம் அவரிடம் இருந்திருக்கிறது. தை மாதம் எங்கள் வீட்டில் அதை வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான். அழுதேன். தூசி என்று எழுத நினைத்தேன், வேண்டாம். அழுதேன்.

பிறகு 'மற்றவை' ஃபோல்டரை அழித்துவிட்டு ஆல்பத்தைத் திறந்தேன். மொத்தம் நூற்றெண்பத்தாறு படங்கள். மணமக்களை ஒன்றும் செய்யவில்லை. சொர்ணத்தம்மாளுக்கு ஒவ்வொரு படத்திலும் மச்சத்தை எடுத்தேன்.

சுடருக்குப் பதில் போட்டேன்: "அத்தையிடம் சொல்லு. நான் சொல்லச் சொன்னதை வந்து சொன்னால் அன்றைக்கே போடுகிறேன். அவசரமில்லை. தை வரைக்கும் நேரம் இருக்கிறது."